சிங்கப்பூர் ஸ்லிங்: எது அசல்? அன்னாசி நுரையா, சோடாவா?

அரசலாற்றங்கரை எழுதியது:

காரைக்காலில் ஒரு ஹோட்டல் பாரில் பானம் கலக்கும் வேலை பார்க்கிறேன். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று நாலாபுறத்திலிருந்தும் இங்கே ஆட்கள் வருகிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்குச் சிங்கப்பூர் இன்னொரு சொந்த ஊர். அதனால் பட்டியலில் சிங்கப்பூர் ஸ்லிங் என்ற காக்டெய்ல் இருந்தே ஆகவேண்டும் என்று முதலாளியிடம் மன்றாடிச் சேர்க்கவைத்தேன்.

நான் கலந்துகொடுப்பது லண்டன் சவாய் ஹோட்டல் 1930ல் வெளியிட்ட காக்டெய்ல் புத்தகத்தில் உள்ள முறை. ஜின் ஒரு பங்கு, செர்ரி பிராந்தி இரண்டு பங்கு, கால் எலுமிச்சையின் சாறு. ஐஸோடு குலுக்கி வடித்து, கிளாஸ் நிறையச் சோடா. விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த ஒருவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸைத் தள்ளிவைத்தார். "இது ஸ்லிங்கே இல்லை தம்பி. அன்னாசி எங்கே? நுரை எங்கே?" என்று கேட்டார். நான் 1930ஆம் ஆண்டுப் புத்தகத்தைச் சொன்னேன். "புத்தகம் கிடக்கட்டும், நான் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் ஹோட்டலிலேயே உட்கார்ந்து குடித்தவன்" என்றார்.

அவர் சொன்னதும் உண்மை, நான் சொன்னதும் உண்மை. அப்படியானால் அசல் எது? பழைய அச்சுப் புத்தகமா, பானம் பிறந்த இடத்தில் இன்று ஊற்றுகிறார்களே அதுவா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பட்டியலை மறுபடி அச்சடிக்க வேண்டியிருக்கிறது.

மன்னைக்காரன் எழுதியது:

உங்களிடம் சண்டை போட்டவர் பக்கம்தான் நான். சிங்கப்பூர் ஹோட்டல்களில் பார் மேடைக்குப் பின்னால் நின்றே என் வாலிபம் போனது.

அந்தப் பானத்தின் பிறந்த வீடு ராஃபிள்ஸ். அங்கே லாங் பாரில் வேலை பார்த்த ஹைனான் சீனர் நியாம் தோங் பூன் 1915ல் அதை உருவாக்கினார் என்று அந்த ஹோட்டல் சொல்கிறது. பெண்கள் நாலு பேர் முன்னால் மது அருந்தினால் முகம் சுளித்த காலம் அது. பார்க்கப் பழச்சாறு போல இருக்கட்டும் என்று இளஞ்சிவப்பு நிறத்தில் செய்தாராம்.

அளவையும் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். ஜின் 30 மில்லி, செர்ரி மது 15, குவான்ட்ரோ என்ற ஆரஞ்சு மது 7.5, பெனடிக்டின் என்ற மூலிகை மது 7.5, அன்னாசிச் சாறு 120, எலுமிச்சைச் சாறு 15, கிரெனடின் என்ற மாதுளைப் பாகு 10, அங்கஸ்டுரா பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு ஒரு தெளிப்பு. பன்னாட்டு பார்ட்டெண்டர் சங்கத்தின் பட்டியலில் இருப்பதும் இதுதான். மொத்தத்தையும் ஐஸோடு சேர்த்து, உலோகக் குவளையின் வெளிப்புறம் வெள்ளை பூத்து விரல் மரத்துப்போகும் வரை குலுக்க வேண்டும். வடிக்கும்போது முதலில் சிவந்த சாறு இறங்கும். கடைசியில்தான் நுரை வந்து மேலே கெட்டியாக நிற்கும். அந்த நுரை இல்லாத கிளாஸை சிங்கப்பூர் ஸ்லிங் என்று என் கையால் யாருக்கும் நீட்டமாட்டேன்.

பிறந்த வீட்டில் எப்படிச் செய்கிறார்களோ அதுதான் அசல். லண்டன்காரன் எழுதியதை எதற்குத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள்?

நாகைத் துறை எழுதியது:

மன்னைக்காரரின் கைப்பக்குவத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வரலாறு அவர் சொல்கிற அளவுக்கு நேராக இல்லை. பழைய பானக் குறிப்புகளைத் தேடிப் படிப்பது என் நெடுநாள் ஆசை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்லிங் என்பது ராஃபிள்ஸ் ஹோட்டலைவிட மிகப் பழையது. அந்த ஹோட்டலை சர்க்கீஸ் என்ற ஆர்மீனியச் சகோதரர்கள் தொடங்கியது 1887ல். ஸ்லிங்கோ 1806லேயே அமெரிக்கப் பத்திரிகையில் அடிபடுகிறது. நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரப் பத்திரிகை ஒன்று, காக்டெய்ல் என்றால் என்ன என்று கேட்ட வாசகருக்குப் பதில் எழுதியது: ஏதாவதொரு மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ். அதாவது கசப்பு சேர்த்த ஸ்லிங் என்றது. ஆக, மதுவும் இனிப்பும் தண்ணீரும் சேர்ந்தால் ஸ்லிங். அது ஒரு குடும்பம். சிங்கப்பூரில் பிறந்தது அந்தக் குடும்பத்தின் ஒரு பிள்ளை.

அச்சில் வந்தவற்றை வரிசையாகப் பாருங்கள். 1922ல் ராபர்ட் வெர்மெய்ர் என்ற பார்ட்டெண்டர் தம் புத்தகத்தில் 'ஸ்ட்ரெய்ட்ஸ் ஸ்லிங்' என்று ஒன்றைத் தருகிறார். சிங்கப்பூரின் புகழ்பெற்ற பானம் என்றே அறிமுகப்படுத்துகிறார். ஜின் நான்கு பங்கு, பெனடிக்டின் ஒரு பங்கு, 'டிரை' செர்ரி பிராந்தி ஒரு பங்கு, அரை எலுமிச்சையின் சாறு, அங்கஸ்டுரா இரண்டு தெளிப்பு, ஆரஞ்சு பிட்டர்ஸ் இரண்டு தெளிப்பு, மேலே குளிர்ந்த சோடா. அடுத்து 1930ல் சவாய் புத்தகம். அதில் ஸ்ட்ரெய்ட்ஸ் ஸ்லிங் தனியாகவும் சிங்கப்பூர் ஸ்லிங் தனியாகவும் இருக்கின்றன. நம் தம்பி கலந்தது இரண்டாவதை. பிறகு 1939ல் சார்லஸ் பேக்கர் என்ற அமெரிக்கர், உலகம் சுற்றிக் குடித்தவர், ராஃபிள்ஸ் ஸ்லிங்கின் மூல முறை இதுதான் என்று எழுதுகிறார்: ஜின், செர்ரி பிராந்தி, பெனடிக்டின் மூன்றும் சம பங்கு, அவரவர் விருப்பத்துக்குச் சோடா, சுருளாகச் சீவிய எலுமிச்சைத் தோல்.

இந்த மூன்று பேரில் ஒருவர்கூட அன்னாசியைச் சொல்லவில்லை. கிரெனடின் இல்லை, குவான்ட்ரோவும் இல்லை. மூவருமே சோடாவைச் சொல்கிறார்கள். பிறந்த வீட்டு முறை என்று மன்னைக்காரர் சொல்வது, அந்த வீடு பின்னாளில் வைத்துக்கொண்ட முறை. 1948ல் டேவிட் எம்பரி என்ற இன்னொருவர், இந்தப் பானத்துக்கு அச்சில் வந்த முறைகளில் ஒத்துப்போகும் இரண்டைத் தான் பார்த்ததே இல்லை என்று எழுதிவைத்தார். அவர் காலத்திலேயே அந்த நிலை.

திருவாரூர் ஓடம்போக்கி எழுதியது:

நாகை ஐயா, ஒரு சந்தேகம். 'டிரை' செர்ரி பிராந்தி என்கிறீர்களே, கடையில் கிடைக்கும் சிவப்பு செர்ரி மது தேனாக இனிக்கிறதே? அது எப்படி டிரை ஆகும்?

நாகைத் துறை எழுதியது:

ஆராய்ச்சியாளர்கள் இன்றுவரை அடித்துக்கொள்ளும் இடத்திலேயே கைவைத்துவிட்டீர்கள். செர்ரிப் பழத்திலிருந்து இரண்டு விதமான மது வருகிறது. ஒன்று, பழத்தை நொதிக்கவைத்து வடிக்கும் கிர்ஷ். தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும், துளி இனிப்பு இராது. மற்றொன்று, பழத்தை மதுவில் ஊறப்போட்டுச் சர்க்கரை சேர்ப்பது. டென்மார்க்கில் 1818 முதல் வரும் ஹீரிங் அந்த வகை. வெர்மெய்ர் 'டிரை' என்று எழுதியதால் கிர்ஷ் வகையைத்தான் சொன்னார் என்று ஒரு கட்சி. இனிப்புக் குறைந்த சிவப்பு மதுவைச் சொன்னார் என்று இன்னொரு கட்சி.

நான் இரண்டாவது கட்சி. கிர்ஷ் ஊற்றினால் பானத்தில் சிவப்பே இருக்காது. இளஞ்சிவப்பு ஸ்லிங் என்ற பேச்சு சிங்கப்பூரில் பழையது. நிறம் எங்கிருந்தாவது வந்திருக்க வேண்டும், அந்தக் காலத்து முறைகளில் செர்ரியை விட்டால் வேறு சிவப்பு கிடையாது.

குடந்தை டபரா எழுதியது:

நான் மது தொடுவதில்லை. ஆனாலும் இந்த வழக்கு எனக்கு நன்றாகப் புரிகிறது, எங்கள் ஊர் காபிக்கு நடந்ததும் இதுதான். சென்னையிலிருந்து திருச்சி போகும் வழி நெடுகப் பித்தளைச் சொம்புப் படம் போட்ட 'கும்பகோணம் டிகிரி காபி' பலகைகளைப் பார்க்கிறோம். எங்கள் வீட்டுப் பழக்கத்தில் டிகிரி காபி என்றால் தண்ணீர் கலக்காத புதுப் பசும்பால், அப்போது இறக்கிய முதல் டிகாக்ஷன், குடிப்பவர் வந்து உட்கார்ந்த பிறகே கலப்பது. நெடுஞ்சாலைக் கடையில் பாக்கெட் பால், காலையில் இறக்கிவைத்த டிகாக்ஷன், நாலு கரண்டி சர்க்கரை. பித்தளை டபரா மட்டும் பளபளவென்று இருக்கிறது.

சிக்கரி சேர்க்கலாமா கூடாதா என்று கும்பகோணத்துக்காரர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. என் தாத்தா சேர்க்கமாட்டார். பக்கத்து வீட்டில் சேர்த்தார்கள். யாரும் யாரையும் போலி என்று சொன்னதில்லை. ஆனால் பாலில் தண்ணீர் ஊற்றினால் இரண்டு வீட்டாரும் சேர்ந்து சண்டைக்குப் போவார்கள். எனவே அரசலாற்றங்கரை தம்பி கேட்க வேண்டிய கேள்வி, எது பழையது என்பதைவிட, எதை எடுத்தால் பானம் செத்துப்போகும் என்பதே. அதைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

மன்னைக்காரன் எழுதியது:

காபி உவமையை ஏற்கமாட்டேன். டிகிரி காபிக்குச் சொந்தக்காரர் என்று ஒருவர் கிடையாது, ஊரே சொந்தக்காரர். சிங்கப்பூர் ஸ்லிங்குக்கு ஒரு வீடு இருக்கிறது, ஒரு மேடை இருக்கிறது, இன்றும் அங்கே போய்க் கேட்டு வாங்கலாம். செய்தவர் வீட்டுக்கு மாற்றும் உரிமை உண்டா இல்லையா?

மை டாய் என்ற ரம் காக்டெய்லின் கதையைப் பாருங்கள். கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் விக்டர் பெர்ஜெரான் 1944ல் அதை உருவாக்கியபோது ஊற்றியது ஜமைக்காவின் 17 ஆண்டு பழுத்த ரே அண்ட் நெஃப்யூ ரம். அந்த ரம் தீர்ந்துபோனது. அவரே வேறு ரம்களைக் கலந்து அந்தச் சுவைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். உருவாக்கியவரே மாற்றிய பிறகு, 1944ஆம் ஆண்டுப் புட்டி இல்லாமல் மை டாய் இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? ராஃபிள்ஸ் அன்னாசியைச் சேர்த்ததும் அப்படித்தான். லட்சக்கணக்கான பேர் குடித்து, ஊருக்கு வந்து சொல்லி, உலகம் முழுவதும் அந்தப் பெயரால் அறிவது அன்னாசி நுரையைத்தான். சரவாக் அன்னாசியைத் தனியாகக் கேட்டு வாங்குகிற அக்கறை வேறு யாருக்கு இருக்கிறது?

நாகைத் துறை எழுதியது:

மை டாய் உதாரணம் உங்கள் பக்கம் முழுதாக நிற்காது. பெர்ஜெரான் ரம்மை மாற்றினாலும் மற்ற கட்டுமானத்தை மாற்றவில்லை. எலுமிச்சை, ஆரஞ்சு மது, பாதாம் பாகு மூன்றும் அப்படியே இருந்தன. அதே மை டாய் ஹவாய்க்குப் போனபோது அன்னாசிச் சாறு ஏறியது. ஹவாய்க்கு வந்த சுற்றுலாப் பயணிகள் அதைத்தான் விரும்பினார்கள். அதைக் குடித்தவர்கள் அதையே மை டாய் என்று ஊரெல்லாம் சொன்னார்கள். இன்று மை டாயைப் பற்றித் தெரிந்த எவரும் 1944ஆம் ஆண்டு முறையைத்தான் மூலம் என்கிறார்கள், ஹவாய் முறையைக் கிளை என்கிறார்கள். கிளை என்றால் கேவலம் கிடையாது. மூலம் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு உரிமை உண்டு என்பதை மறுக்கவில்லை. அந்த வீடு 1915ல் அச்சடித்த காகிதம் ஒன்றைக் காட்டினால் நானும் வாயை மூடிக்கொள்வேன்.

ஐயாறு எழுதியது:

இருவரும் ஆண்டையும் வீட்டையும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். குடந்தைக்காரர் கேட்ட கேள்விக்கு வருகிறேன், இந்த இழையின் நல்ல கேள்வி அதுதான்.

இத்தனை முறைகளிலும் நீங்காமல் நிற்பவை எவை? ஜின், சிவப்புச் செர்ரி. இவை இரண்டும் எல்லாவற்றிலும் உண்டு. புளிப்பு உண்டு, பேக்கர் மட்டும் தோலோடு நிறுத்துகிறார். சவாயின் சிங்கப்பூர் ஸ்லிங்கைத் தவிர மற்றவற்றில் பெனடிக்டின் உண்டு. கடைசியாக, நீட்டுவதற்கு ஏதாவது ஒன்று, சோடாவோ சாறோ.

ஏன் இவை நிற்கின்றன என்பது நாக்கில் தெரியும். செர்ரி மது தனியாக இருந்தால் இருமல் மருந்து வாடை அடிக்கும். அந்த வாடையை மூலிகையால் திருப்புவது பெனடிக்டின். பிரான்சின் ஃபெகாம்ப் ஊரில் 1863 முதல் செய்யப்படும் மது, 27 மூலிகை, மசாலாப் பொருட்கள் சேர்ந்தது, தேன் வாசனையும் குங்குமப்பூ வாசனையும் அடிக்கும். ஜினுக்கு மணம் தரும் ஜூனிபர் காய் இந்த இரண்டையும் உலர்த்திப் பிடிக்கிறது. எலுமிச்சையும் பிட்டர்ஸும் இனிப்பின் தலையில் தட்டுகின்றன. இந்தப் பின்னல் இருந்தால் அது சிங்கப்பூர் ஸ்லிங். இதில் செர்ரியை எடுத்தால் வெறும் ஜின் ஸ்லிங். பெனடிக்டினை எடுத்தால் பானம் தட்டையாகிவிடும்.

அதனால்தான் தம்பி, உங்கள் வாடிக்கையாளர் கிளாஸைத் தள்ளிவைத்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அச்சில் வந்தவற்றிலேயே பலவீனமான முறையை நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். ஜின்னைப்போல் இரு மடங்கு செர்ரி, அதை எதிர்த்து நிற்கக் கால் எலுமிச்சை. பிட்டர்ஸும் இல்லை, மூலிகையும் இல்லை. 1930 என்ற எண் மட்டும் அதைக் காப்பாற்றாது. 1922ஆம் ஆண்டு முறையைக் கலந்து பாருங்கள். ஜின் 60 மில்லி, செர்ரி 15, பெனடிக்டின் 15, எலுமிச்சைச் சாறு 20, இரண்டு பிட்டர்ஸிலும் இரண்டு தெளிப்பு. குலுக்கி, நீளமான கிளாஸில் வடித்து, சோடாவை ஓரமாக இறக்கினால் அடியிலிருந்து சிவப்பு மெல்ல எழும்பி, மேலே வரும்போது ரோஜா நிறமாக வெளுக்கும். காரைக்கால் வெயிலுக்கு அதைவிடப் பொருத்தமான கிளாஸ் எனக்குத் தெரியவில்லை.

மன்னைக்காரருக்கும் ஒன்று. உங்கள் முறையைக் கூட்டிப் பார்த்தேன். 205 மில்லியில் 120 மில்லி அன்னாசி. பாதிக்கு மேல் பழச்சாறு. ஜின்னும் பெனடிக்டினும் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. அதைச் சுவையானது என்று சொல்லுங்கள், தலையாட்டுகிறேன். அசல் என்று சொல்ல வேண்டுமானால், நடுவில் நிற்க வேண்டிய ஜின்னும் பெனடிக்டினும் ஓரத்துக்குப் போயிருக்கக் கூடாது.

மன்னைக்காரன் எழுதியது:

தேட வேண்டியிருக்கிறது என்றால் கலந்தவன் சரியில்லை. டப்பாவில் அடைத்த சாற்றை ஊற்றினால் எல்லாம் மூழ்கத்தான் செய்யும். பழுத்த பழத்தை அன்றன்றைக்குப் பிழிந்து, திப்பியை வடிகட்டி ஊற்றிப் பாருங்கள். புதுச் சாற்றில் புளிப்பும் உண்டு, நுரையும் தானாகக் கட்டும், பெனடிக்டின் வாசனை அந்த நுரையில்தான் வந்து உட்காரும். நீங்கள் குடித்ததெல்லாம் விமான நிலையப் பானம் என்று நினைக்கிறேன்.

தஞ்சைப் பந்தி எழுதியது:

நடுவில் வந்ததற்கு மன்னிக்கவும். நாங்கள் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறோம். இப்போது தஞ்சாவூர், கும்பகோணம் வரவேற்புகளில் எல்லாம் மது கலக்காத பானங்களுக்கென்று தனி மேஜை கேட்கிறார்கள். அதில் அன்னாசிச் சாறு, எலுமிச்சை, கிரெனடின் பாகு, சோடா சேர்த்து 'சிங்கப்பூர் ஸ்லிங்' என்று பலகை வைக்கிறோம். பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். இதை அந்தப் பெயரில் கொடுக்கலாமா, கூடாதா?

ஐயாறு எழுதியது:

கொடுங்கள், பிள்ளைகள் குடிக்கட்டும். பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள். மாதுளைப் பாகுச் சிவப்பு வேறு, செர்ரிச் சிவப்பு வேறு. அன்னாசி மாதுளை சோடா என்றே பலகையில் எழுதினால் என்ன குறைந்துவிடும்? கல்யாணத்தில் அதைக் குடித்து வளர்ந்த பையன் நாளைக்கு அரசலாற்றங்கரை மேடைக்கு வந்து "இது ஸ்லிங் இல்லை" என்று சண்டை போடுவான். மது பரிமாறும் இடங்களிலேயே செர்ரி வாங்கக் காசு கணக்குப் பார்த்து, ஜினில் கிரெனடினை ஊற்றி நிறத்தை மட்டும் காட்டி விற்பது நடக்கிறது. அதை எந்தக் கட்சிக்காரரும் ஒப்புக்கொள்ளமாட்டார், மன்னைக்காரர் உட்பட.

மன்னைக்காரன் எழுதியது:

அதில் மாற்றுக்கருத்தே இல்லை. அது மோசடி.

அரசலாற்றங்கரை எழுதியது:

இத்தனை பேர் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நடைமுறைச் சங்கடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜின்னுக்குக் கவலை இல்லை, கோவாவில் செய்யும் நல்ல லண்டன் டிரை வகை ஜின்னே இப்போது கிடைக்கிறது. அங்கஸ்டுரா ஒரு புட்டி வாங்கினால் நெடுநாள் வரும். பெனடிக்டினும் நல்ல செர்ரி மதுவும்தான் கழுத்தைப் பிடிக்கின்றன. இறக்குமதிச் சுங்கவரியோடு வரும் விலைக்கு எங்கள் முதலாளி முகத்தைப் பார்க்க முடியவில்லை. 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊரில் பிரெஞ்சு மூலிகை மது கிடைக்காமல் அலைகிறேன்.

இங்கே ஆனி, ஆடியில் நாவல் பழம் கூடைகூடையாக வருகிறது. விதையெடுத்து, சர்க்கரையும் கிராம்பும் சேர்த்து ஜினில் ஊறப்போட்டேன். செர்ரியின் ஆழம் இல்லை, ஆனால் துவர்ப்பு அழகாக வருகிறது, நிறம் கத்தரிப்பூப் போல. அதை வைத்து எலுமிச்சை, பிட்டர்ஸ், சோடா சேர்த்துக் கலந்தால் என் நாக்குக்கு மிகவும் பிடித்திருக்கிறது. செர்ரியும் பெனடிக்டினும் இல்லாத அதை எந்தப் பெயரில் கொடுப்பது?

திருவாரூர் ஓடம்போக்கி எழுதியது:

நாவல் பழமா! பெயர் எதுவானாலும் முதல் கிளாஸ் எனக்கு.

நாகைத் துறை எழுதியது:

தம்பி, இதற்கு வழி பழைய குறிப்பிலேயே இருக்கிறது. ஸ்லிங் ஒரு குடும்பம் என்று முன்பே சொன்னேன். சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த பிரிட்டிஷ் ஸ்ட்ரெய்ட்ஸ் குடியேற்றத்தில் குடித்ததற்கு அந்த இடத்தின் பெயரை வைத்தார்கள். உங்கள் கடற்கரையில் குடிப்பதற்கு உங்கள் ஊர்ப் பெயரை வையுங்கள். காரைக்கால் ஸ்லிங் என்று தலைநிமிர்ந்து எழுதுங்கள். நாவல் பழத்தைச் செர்ரி என்று ஒளிக்கத் தேவையே இல்லை.

பேக்கர் இன்னொன்றும் எழுதுகிறார். கிழக்கின் மற்றத் துறைமுகங்களில் சோடாவுக்குப் பதிலாக ஜிஞ்சர் ஏல் என்ற இஞ்சிச் சோடாவும், கல் புட்டியில் வரும் இஞ்சி பீரும் ஊற்றுகிறார்களாம். துறைமுகத்துக்குத் துறைமுகம் பானம் மாறியதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை, நடந்ததை நடந்தபடி பதிந்திருக்கிறார். நாகப்பட்டினமும் அந்தக் கப்பல் தடத்தில் இருந்த ஊர். சென்னையிலிருந்து புறப்பட்ட ராஜுலா கப்பல் இங்கே ஆளேற்றிக்கொண்டுதான் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனது. எங்கள் தெருவில் அதில் போய்வந்தவர்கள் இருந்தார்கள். இஞ்சிச் சோடா ஊற்றிய ஸ்லிங் நம் கரையில் ஒன்று உருவானால் அந்தத் தடத்துக்குப் பொருத்தமானதுதான்.

மூல முறையைக் கொடுக்கும்போது மட்டும் கை தளரக் கூடாது. சிங்கப்பூர் ஸ்லிங் என்று விற்றால் செர்ரியும் பெனடிக்டினும் உள்ளே இருக்க வேண்டும். 15 மில்லிதானே, ஒரு புட்டி வாங்கினால் 700 மில்லி. நாற்பது கிளாஸுக்கு மேல் வரும். முதலாளியிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

மன்னைக்காரன் எழுதியது:

நாவல் பழத்துக்கு ஊர்ப் பெயர் வைப்பதை வரவேற்கிறேன். ஆனால் பட்டியலில் 1922ஐ மட்டும் போட்டுவிட்டு, அன்னாசி கேட்டு வருகிறவரைத் திருப்பி அனுப்பினால் அது நியாயமில்லை. அவர் அங்கே கட்டட வேலையிலோ கப்பல் பட்டறையிலோ உழைத்துவிட்டு, என்றைக்கோ ஒருநாள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு ராஃபிள்ஸ் படியேறி, நிலக்கடலை ஓட்டைத் தரையில் போட்டு நடந்து, ஒரு கிளாஸ் குடித்திருப்பார். அவர் ஊருக்குத் திரும்பி வந்து கேட்பது அந்தக் கிளாஸை. புத்தகத்தில் இல்லை என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்கு மனம் வராது. அவர் குடித்ததும் உண்மையான பானம்தான்.

குடந்தை டபரா எழுதியது:

இதை நீங்கள் முதலிலேயே சொல்லியிருந்தால் உங்கள் பக்கம் வந்திருப்பேன்.

நாகைத் துறை எழுதியது:

திருப்பி அனுப்பச் சொல்லவில்லை மன்னைக்காரரே. இரண்டையும் வைக்கட்டும். எது எந்தக் காலத்தது என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுதட்டும். குடிப்பவருக்குத் தெரியவேண்டியது அவ்வளவுதான். 1915 என்று மட்டும் அச்சடிக்காதீர்கள் தம்பி. அதற்கு ஹோட்டலின் வாய்மொழியைத் தவிர நம் கையில் எதுவும் இல்லை.

அரசலாற்றங்கரை எழுதியது:

நல்லது ஐயா. முதலாளியிடம் நாற்பது கிளாஸ் கணக்கைச் சொன்னேன். பெனடிக்டின் ஒரு புட்டிக்குச் சம்மதித்துவிட்டார், செர்ரிக்கு அடுத்த மாதம் என்றார். நான் விடவில்லை, செர்ரி இல்லாமல் முந்தைய புட்டியால் பயனில்லை என்று விளக்கினேன். இரண்டும் வருகின்றன.

பட்டியலில் இப்படி எழுதப்போகிறேன். ஸ்ட்ரெய்ட்ஸ் ஸ்லிங், 1922ஆம் ஆண்டு முறை: ஜின், செர்ரி, பெனடிக்டின், எலுமிச்சை, பிட்டர்ஸ், சோடா. சிங்கப்பூர் ஸ்லிங், ராஃபிள்ஸ் ஹோட்டலின் பிற்கால முறை: இவற்றோடு சோடாவுக்குப் பதில் புது அன்னாசிச் சாறு, குவான்ட்ரோ, கிரெனடின். காரைக்கால் ஸ்லிங்: நாவல் பழம் ஊறிய ஜின், எலுமிச்சை, இஞ்சிச் சோடா. சவாய் முறையை எடுத்துவிடுகிறேன்.

மன்னை அண்ணா, அன்னாசி எங்கே வாங்குவது? மார்க்கெட்டில் வருவது புளிக்கிறது.

மன்னைக்காரன் எழுதியது:

கொல்லிமலைப் பழம் கேளுங்கள், திருச்சி காந்தி மார்க்கெட் வழியாக வரும். காம்புப் பக்கம் முகர்ந்து பாருங்கள், வாசனை இல்லாவிட்டால் வாங்காதீர்கள். காலையில் பிழிந்த சாறு இரவுக்கு ஆகாது. ஒருவர் கேட்ட பிறகு பிழிந்தால் இன்னும் நல்லது.

ஐயாறு எழுதியது:

இரண்டு விஷயம், பிறகு நான் கிளம்புகிறேன். சோடாவை ஒருபோதும் குலுக்காதீர்கள், கடைசியில் ஊற்றி ஒரே ஒரு தடவை நீளக் கரண்டியால் தூக்கிவிடுங்கள். சோடாவும் கிளாஸும் முன்கூட்டியே குளிர்ந்திருக்க வேண்டும். கடலோரச் சூட்டில் சில்லறை ஐஸ் போட்டால் பாதிக் கிளாஸ் குடிப்பதற்குள் தண்ணீராகிவிடும். பெரிய கட்டியாக உறையவைத்து உடைத்துப் போடுங்கள். நாவல் பழ ஜினுக்கு எலுமிச்சையை 15 மில்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், துவர்ப்போடு புளிப்பும் சேர்ந்தால் நாக்கு வறண்டுவிடும்.